பெரியமேட்டில் பேஸ்பால் சாமான்: நாவல் படிக்கிறவர்கள் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டுக் கடைகளில் பேஸ்பால் சாமான் என்று கேட்டால் மூன்று கிடைக்கும்: பந்து, கிளவுஸ், பேட். இந்த விமர்சனம் அந்த மூன்றைப் பற்றியது. ஆடப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதவில்லை. ஒரு பேஸ்பால் நாவலைக் கையில் எடுத்துவிட்டு, ஒரு மரக்கட்டைக்கும் ஒரு தோல் உறைக்கும் ஏன் இத்தனை பக்கம் என்று விழிக்கிற வாசகர்களுக்காக எழுதியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பந்தைக் கட்டாயம் வாங்குங்கள், ஒன்றுக்கு இரண்டாக. கிளவுஸ், காசு இருந்தால் வாங்கலாம்; அதுவும் தோலாக இருந்தால் மட்டும். பேட், இங்கே இப்போது விற்பதில் பெரும்பாலானது வேண்டாம்.

நாவல் படிக்கச் சாமான் எதற்கு என்று கேட்பார்கள். நாவலில் வரும் பொருளுக்குக் குறியீடு என்று ஒரு பேர் வைத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். பேட் என்றால் ஆண்மை, பந்து என்றால் அமெரிக்கா, கிளவுஸ் என்றால் அப்பா. இதை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதிவிடலாம். நாவலைப் படித்த கணக்கில் வராது. அந்தப் பொருட்களுக்குக் கனம் ஏறுவது அவை தேய்கிற விதத்தால்தான். எங்கே கறுக்கும், எங்கே தையல் விடும், எந்தப் பக்கமாகப் பிளக்கும் என்று தெரிந்த எழுத்தாளர் அதை வைத்தே கதையைத் திருப்புகிறார். தேயாத சாமானுக்கு நாவலில் வேலை இல்லை. வடசென்னையில் இதை விளக்கவே தேவையில்லை. கேரம் கிளப்பில் போர்டு கிளப்புடையது, காயும் பவுடரும் கிளப்புடையது. ஸ்ட்ரைக்கர் மட்டும் அவரவருடையது. 15 கிராமுக்கு மேல் போகக் கூடாத, 4.13 சென்டிமீட்டர் விட்டத்துக்குள் அடங்கவேண்டிய ஒரு வில்லை. ஆனாலும் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அடுத்தவர் அதில் விரல் வைத்தால் முகம் மாறும். பேஸ்பால் நாவலில் ஒருவன் தன் பேட்டை யாரும் தொடாமல் பெட்டியில் பூட்டித் தூக்கிக்கொண்டு அலைந்தால், அதுவும் இந்த ஸ்ட்ரைக்கர் சமாச்சாரம்தான்.

இனி கடைக்குள் போகலாம். முதலில் பந்து.

பேஸ்பால் என்று கேட்டால் பல கடைகளில் சாஃப்ட்பாலை எடுத்து வைப்பார்கள். பள்ளிக்கூடங்கள் வாங்குவது அதைத்தான் என்பதால் அலமாரியில் அதுதான் குவிந்து கிடக்கும். ஏமாற வேண்டாம். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம். பேஸ்பால் 9 முதல் 9¼ அங்குலம், அதாவது 23 சென்டிமீட்டர் வாக்கில். எடை 142 முதல் 149 கிராம். நம்ம ஸ்டிச் பால், அதாவது கிரிக்கெட் தோல் பந்து, 156 முதல் 163 கிராம். அதோடு ஒப்பிட்டால் பேஸ்பால் துளி லேசு, துளி பெரிசு. ஒரு துண்டு நூலும் காய்கறிக்கடை எலக்ட்ரானிக் தராசும் இருந்தால் நின்ற இடத்திலேயே சரிபார்த்துவிடலாம். 130 கிராமுக்குக் கீழே காட்டினால் உள்ளே கம்பளி நூல் இல்லை, பஞ்சுக் கழிவோ ஸ்பாஞ்சோ அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அடுத்து மேலுறை. தோலா சிந்தெட்டிக்கா என்பதைப் பாலிதீன் உறையைக் கழற்றாமல் சொல்ல முடியாது; கழற்றச் சொல்லுங்கள். கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்தினால் தோலில் தடம் விழும், கொஞ்ச நேரம் நிற்கும். சிந்தெட்டிக் உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். முகர்ந்தாலும் தெரியும். பெரியமேட்டுத் தோல் மண்டிப் பக்கம் நடந்து பழகிய மூக்குக்கு இது ஒரு வேலையே இல்லை. அமெரிக்காவின் உச்சப் போட்டியான பெரிய லீக் (மேஜர் லீக்) பந்துகளுக்கு 1974 வரை குதிரைத்தோல் போட்டார்கள், பிறகு மாட்டுத்தோல். கிரிக்கெட் பந்தின் தோல் மாதிரியே படிகாரத்தில் பதனிட்ட தோல். அதனால்தான் அந்த வெளுப்பு.

பிறகு தையல். இரண்டே தோல் துண்டுகள், எட்டு எண் மாதிரி வளைவாக வெட்டி ஒன்றோடொன்று கோர்த்தது. சிவப்பு மெழுகு நூலில் 108 இரட்டைத் தையல். அமெரிக்கப் பெரிய லீக் பந்துகளை இன்றும் கோஸ்டாரிகாவின் துரியால்பா ஊரில் கையால்தான் தைக்கிறார்கள். கைத்தையலில் இடைவெளி துளித் துளி மாறும். இரண்டு விரலைத் தையலுக்குக் குறுக்கே வைத்து ஓட்டினால் மேடு தட்டுப்படும். மலிவு பந்தில் தையல் கணக்குக்கு இருக்கும், விரலில் ஏறாது. கிரிக்கெட்டில் ஸீம் பந்தின் நடுவே ஒரே வளையமாக ஓடுவதால், பந்தை எப்படிப் பிடித்தாலும் ஒரு நேர்ப்பட்டைதான். பேஸ்பாலில் தையல் குதிரை லாடம் போல வளைந்து வளைந்து ஓடுகிறது. லாடத்தின் குறுக்கே இரண்டு விரல் வைத்தால் ஒரு விதமாகப் போகும், அதே விரலைத் தையலோடு ஒட்டி வைத்தால் வேறு விதமாகப் போகும். எறிகிறவன் பந்தைக் கிளவுஸுக்குள் ஒளித்து விரல்களை மாற்றுவதாக நாவலில் வரும் இடமெல்லாம் இதுதான். அதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட பந்தைக் கையில் உருட்டினால் ஒரு நிமிஷ வேலை.

இரண்டாவது பந்து எதற்கு? வெட்டத்தான். சிவப்பு நூலை ஒரு இடத்தில் பிளேடால் அறுத்து, முனையை ஊசியால் தூக்கி, ஒவ்வொரு தையலாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டு உறையைக் கிழித்தால் உள்நூலும் சேர்ந்து அறுந்துவிடும். உறை இரண்டாகக் கழன்றதும் மேலே மெல்லிய பருத்தி நூல். அதன் கீழே கம்பளி நூல் மூன்று அடுக்கு. நடுவே ரப்பர் பூசிய கார்க் குண்டு. லீக் தரப் பந்தில் நூலை முழுவதும் பிரித்தால் 350 கெஜத்துக்குக் குறையாது. 300 மீட்டரைத் தாண்டும். இங்கே வாங்கும் பந்தில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நூல் சுற்றியதா, கழிவு அடைத்ததா என்பது அந்த நொடியில் தெரிந்துவிடும்.

பெர்னார்ட் மாலமட் 1952-ல் எழுதிய 'தி நேச்சுரல்' நாவலில் நாயகன் அடிக்கிற அடியில் பந்தின் உறை நிஜமாகவே பிய்ந்துவிடும், உள்ளே இருக்கும் நூல் பிரிந்துகொண்டே போகும். தமிழில் இதைப் படிக்கிறவர்கள் மிகைப்படுத்தல் என்று சிரித்துவிட்டுத் தாண்டுவார்கள். பந்தை ஒருமுறை வெட்டிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். உருண்டை என்று நாம் நினைத்தது உருண்டையே இல்லை, இறுகச் சுற்றிய நூல். இரண்டு துண்டுத் தோல் இறுக்கிப் பிடித்திருப்பதால் உருண்டையாக நிற்கிறது. அந்த நாயகனும் அப்படி இறுக்கிப் பிடித்து நிற்கிற ஆள்தான். மாலமட் அதை விளக்கவில்லை, பந்தை மட்டும் பிரித்துக் காட்டுகிறார்.

பந்தின் வெளுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1920-ல் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார். எறிந்தவர் கார்ல் மேஸ். அந்தக் காலத்தில் ஒரே பந்தை அழுக்கேற அழுக்கேற ஆடுவார்கள். அந்திப் பொழுதில் கறுத்த பந்து கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றும் பழக்கம் இறுகியது. அதே சமயம் புத்தம்புது பந்து வழுக்கும் என்பதால், ஆட்டத்துக்கு முன் எல்லாப் பந்தையும் சேற்றில் தேய்ப்பார்கள். 1930-களின் கடைசியில் லீனா பிளாக்பர்ன் என்ற முன்னாள் ஆட்டக்காரர் டெலவேர் ஆற்றுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த சேறு அது, இன்றைக்கும் அதுதான். ஆக, நாவலில் வெள்ளைப் பந்து என்று வந்தால் அது கடையிலிருந்து வந்த வெள்ளை இல்லை; லேசாக மங்கிய சந்தன வெள்ளை. வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் துணியில் சலித்த வண்டல் மண், நாலு சொட்டுத் தண்ணீர், உள்ளங்கையில் குழைத்துத் தேய்த்து, காய்ந்ததும் துடைத்துவிடலாம். காசிமேட்டு மணலையோ மெரினா மணலையோ தொடாதீர்கள். மணல் தோலைக் கீறும், தையல் மெழுகை உரிக்கும்.

இந்த அழுக்கை அறிந்து எழுதியவர் டான் டெலிலோ. 1997-ல் வந்த 'அண்டர்வேர்ல்ட்' ஒரு பந்தில் தொடங்குகிறது. 1951 அக்டோபர் 3-ல் பாபி தாம்சன் என்ற ஆட்டக்காரர் அடித்த ஹோம் ரன் பந்து, மைதானத்தைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் போய் விழுந்தது. நிஜத்தில் அந்தப் பந்து யாரிடம் போனது என்பது உறுதியாகவில்லை. நாவலில் அது கைமாறிக் கைமாறிப் போகிறது. தூணில் மோதிய இடத்தில் ஒட்டிய பச்சை வண்ணத் தீற்றல் அதன் அடையாளம். சிந்தெட்டிக் உறையாக இருந்தால் அந்தத் தீற்றலை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், கதையே இல்லை. படிகாரத்தில் பதனிட்ட தோல் கறையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாங்கிய பந்தில் ஒரு ஓரமாக எனாமல் பெயிண்ட் ஒரு துளி தடவிப் பார்த்தால் போதும், விளக்கவுரை தேவைப்படாது.

மழையில் மட்டும் பந்தை விடாதீர்கள். கம்பளி தண்ணீரைக் குடித்தால் பந்து கனத்துவிடும், காய்ந்தபின் தோல் விறைத்து தையலை இழுக்கும். நனைந்துவிட்டால் துணியில் சுற்றி நிழலில், ஃபேனடியில். வெயிலில் வைத்தால் உறை வெடிக்கும்.

கிளவுஸுக்கு வருவோம். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. "அண்ணே, பேஸ்பால் கிளவுஸ் இருக்கா?" என்றால் "கீப்பிங்கா, பாக்ஸிங்கா?" என்று பதில் கேள்வி வரும். வடசென்னைக் கடைக்காரர் பாக்ஸிங் கிளவுஸை முதலில் நினைப்பதில் தப்பில்லை. ஃபீல்டர் கிளவுஸ் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். அப்புறம் கை. பேஸ்பாலில் எறியாத கையில்தான் கிளவுஸ் போடுவார்கள். வலது கையால் எறிகிறவருக்கு இடது கைக் கிளவுஸ். கடையில் 'ரைட் ஹேண்ட்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் எறிகிற கையைச் சொல்கிறது. போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இடது கையால் எறிகிறவர்களுக்கானது கடையில் அநேகமாக இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்கணும்.

இந்தக் கை விஷயத்தைக் கவனிக்காமல் உலகம் முழுக்கப் படித்த ஒரு கிளவுஸ் உண்டு. ஜே. டி. சாலிஞ்சர் 1951-ல் எழுதிய 'தி கேட்சர் இன் த ரை' பேஸ்பால் நாவல் இல்லை. ஆனாலும் அதில் செத்துப்போன தம்பி ஆலியின் கிளவுஸ் வருகிறது, விரல்களிலும் பாக்கெட்டிலும் (பந்து வந்து விழும் குழி) பச்சை மையில் கவிதைகள் எழுதியது. ஃபீல்டில் சும்மா நிற்கும்போது படிப்பதற்காம். கவிதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆலி இடதுகைக்காரன் என்று நாவலிலேயே இருக்கிறது. அப்படியானால் அந்தக் கிளவுஸ் வலது கையில் போடுவது. அண்ணன் ஹோல்டன், தம்பி செத்த இரவில் கராஜ் ஜன்னல்களைக் குத்தி உடைத்துக் கையை நாசமாக்கிக்கொண்டவன். வலது கையை ஒழுங்காக மடக்கவே முடியாதவன். அந்தக் கிளவுஸ் போய்ச் சேர வேண்டிய கை எது என்று பாருங்கள். கிளவுஸை ஒரு முறை கையில் மாட்டியிருந்தால் தானாகப் பிடிபடுகிற விஷயம் இது. இன்னொன்று, பாக்கெட்டில் எழுதிய மை நிலைக்காது. பந்து விழுந்து விழுந்து முதலில் அழிவது அந்த இடம்தான். விரல்களின் மேல்பக்கம் எழுதியதுதான் மிஞ்சும். ஆலி பாக்கெட்டிலும் எழுதினான் என்றால், மறுபடி மறுபடி எழுதியிருக்க வேண்டும்.

அளவு: உள்வட்டத்தில் நிற்கிறவர்களுக்கு 11¼ முதல் 11¾ அங்குலம், வெளிவட்டத்துக்கு 12 முதல் 12¾. சின்னக் கிளவுஸில் பாக்கெட் ஆழம் குறைவு, பந்தைச் சட்டென்று எடுத்து எறியலாம். பெரிசில் ஆழம் அதிகம், ஓடிப்போய்ப் பிடிக்கும் பந்து நழுவாது. பேட் பிடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் மிட் விரலில்லாத மெத்தை, அதைச் சுற்றளவில் அளப்பார்கள், 32 முதல் 34 அங்குலம். நாவல் வாசகருக்கு 12 போதும். மீரட், ஜலந்தர் பக்கமிருந்து வருகிற ரெக்ஸின் கிளவுஸ்களைத் தள்ளிவைத்துவிடலாம். மூன்று மாதத்தில் மடிப்பில் பிளாஸ்டிக் தோல் பொரிந்து உதிரும். அது தேய்வதில்லை, கெட்டுப்போகிறது, இரண்டும் ஒன்றில்லை. 'லெதர்' என்று முத்திரை குத்தியதிலும் மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பிளவுத் தோல் கலந்து வரும். வெட்டு விளிம்பைப் பாருங்கள். முழுத் தோலில் மேலிருந்து கீழ் வரை நார் ஒரே சீராக இருக்கும். படலம் ஒட்டியதில் மேலே ஒரு கோடு தனியாகத் தெரியும்.

புதுக் கிளவுஸ் மரம் மாதிரி இருக்கும், மூடாது. பழக்கினால்தான் கைக்கு வரும். அதற்கு முறை இருக்கிறது. பட்டாணி அளவு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, பாக்கெட்டிலும் கட்டைவிரல் மடிப்பிலும் வார்களிலும் மெலிதாகத் தேய்த்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று பார்க்கும்படி மடிக்க வேண்டும். நடுவிரலில் பாதியாக மடித்தால் பாக்கெட் செத்துவிடும். உள்ளே பந்தை வைத்து, பழைய சைக்கிள் ட்யூபைக் கீறி இறுகக் கட்டி வைக்கவும். பகலில் அவிழ்த்து ரப்பர் சுத்தியால் பாக்கெட்டின் அடியில் தட்டவும், மெதுவாகத்தான். தினம் ஐம்பது, நூறு எறி வாங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் மடங்கத் தொடங்கும்.

கெடுப்பது எது? எண்ணெய்தான் முதல் எதிரி. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் ஊற்றினால் தோல் ஒரு வாரம் பதமாக இருக்கும், பிறகு கனத்துத் தொங்கும், சிக்கு வாடை வரும். இரண்டாவது வெயில். சித்திரை மாத மொட்டை மாடி ஒரு அடுப்பு; அதில் வைத்தால் வார் காய்ந்து நொறுங்கும், உள் பசை விடும். அமெரிக்காவிலும் ஓவனில் வைத்துப் பழக்குகிற அவசரக்காரர்கள் உண்டு, பலனும் இதேதான். மூன்றாவது, மேலே பாரம் வைத்து அலமாரியில் திணிப்பது. தட்டையாகப் போன கிளவுஸ் திரும்புவது கஷ்டம்.

கிளவுஸின் வரலாறு நாவலுக்கு நேரடியாக உதவும், அதனால் இரண்டு வரி. 1875-ல் சார்ல்ஸ் வெய்ட் என்பவர் யாரும் கவனிக்கக் கூடாது என்று உடம்பின் நிறத்திலேயே கிளவுஸ் போட்டார். கை வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வதே அன்று வெட்கம். 1919-ல் பில் டோக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வாரால் வலை பின்னச் சொன்னார், அங்கிருந்துதான் பாக்கெட். 1953 வரை ஆட்டக்காரர்கள் தங்கள் அணி பேட் பிடிக்கப் போகும்போது கிளவுஸைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். 1954-ல்தான் தடை வந்தது. நாற்பதுகளில் நடக்கிற கதையில் காலி மைதானத்தில் கிளவுஸ் கிடப்பதாக வந்தால், உடனே அதைத் தனிமையின் குறியீடு ஆக்கிவிடாதீர்கள். அன்று எல்லோரும் அப்படித்தான் போட்டுவைத்தார்கள். அதே காட்சி எண்பதுகளில் வந்தால் கவனியுங்கள்.

பேட். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம்: சென்னையில் பேஸ்பால் பேட் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் பந்தை அடிக்க வாங்குவதில்லை. காரில் சீட்டுக்கடியில் போட்டுவைக்க, தற்காப்பு என்ற பேரில். நம் சினிமா ரவுடிகளும் அதற்குத் தோது செய்துவிட்டார்கள். ஆக நம்மூரில் பேஸ்பால் பேட் ஏற்கெனவே ஒரு குறியீடுதான், நாவலாசிரியர் உதவி இல்லாமலே. வண்டியில் எடுத்துப்போகிறவர்கள் உறையில் போட்டு, கூடவே பந்தையும் கிளவுஸையும் வையுங்கள். ராத்திரி வாகனச் சோதனையில் பதில் சொல்வது சுலபமாகும். இந்தத் தற்காப்பு பேட்களில் மொத்தமாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், என்ன மரம் என்றும் எழுதியிருக்காது. பெயிண்டுக்கு அடியில் முடிச்சு இருக்கலாம், ஒட்டு இருக்கலாம். தோல் பந்தில் அடித்தால் கைப்பிடிக்கு மேலே முறியும். வாங்காதீர்கள். அலுமினியமும் வேண்டாம், ஆடுகிறவர்களுக்கு நல்லது, ஆனால் ஒடுக்கு விழுமே தவிர மரத்தைப் போல் பிளக்காது, நாவலில் அதற்குச் சோறு இல்லை.

சரியான பேட் எப்படி இருக்கும்? ஒரே துண்டு மரம். அதிகபட்ச நீளம் 42 அங்குலம், தடித்த இடத்தில் விட்டம் 2.61 அங்குலம். ஆட்டக்காரர்கள் எடுப்பது 33, 34 அங்குலம், எடை 900 கிராமுக்கு முன்னே பின்னே. மரம் ஆஷ், மேப்பிள், பிர்ச். ஆஷில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் கோடு, தடியாகத் தெரியும். அடி வாங்க வாங்க ரேகையோடு செதில் செதிலாக உரியும், கடைசியில் நீளவாக்கில் பிளக்கும். மேப்பிள் நெருக்கமான மரம், உரியாது. உடைந்தால் ஈட்டி மாதிரித் துண்டாகப் பறக்கும். 2002-ல் மிச்சிகன் பக்கம் கண்டுபிடித்த மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களை அரித்துக்கொண்டிருப்பதால் இன்று ஆஷ் பேட் அமெரிக்காவிலேயே குறைந்துவிட்டது.

ரேகையின் சாய்வைப் பார்ப்பதுதான் பேட் பார்ப்பதில் முக்கால் வாசி. ரேகை பேட்டின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். 3 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் முறிவுக்கு வழி. 20 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் விலகினால் அதுதான் அந்த 3 டிகிரி. மேப்பிளில் ரேகை கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியில் வார்னிஷ் இல்லாத இடத்தில் ஒரு சொட்டுப் பேனா மையை விட்டால் மை நாரோடு ஓடிக் காட்டிக்கொடுக்கும். பெரிய லீக் மேப்பிள் பேட்களில் அந்த மைப்புள்ளி இன்றும் இருக்கும். அடுத்து லேபிள். ஆஷ் பேட்டில் கம்பெனி முத்திரை ரேகை அகலமாகத் தெரியும் முகத்தில்தான் சுடுவார்கள். லேபிளை மேலே பார்க்க வைத்துப் பிடித்தால் பந்து ரேகையின் பக்கவாட்டில் படும், பேட் தாங்கும். இங்கே விற்கும் பேட்களில் லேபிள் ஸ்டிக்கர். எந்தப் பக்கம் காலியோ அங்கே ஒட்டியிருக்கும். லேபிளைப் பார்த்துப் பிடிக்கும் பழக்கமே இதில் அர்த்தமற்றுப் போகிறது. மூன்று சாமானில் எங்களுக்கு அதிகக் கோபம் வருவது இந்த ஸ்டிக்கர் மேல்தான்.

'தி நேச்சுரல்' நாயகன் இடி விழுந்து பிளந்த மரத்திலிருந்து தன் பேட்டைத் தானே செதுக்கியவன். அதற்கு ஒரு பெயர் வைத்து, பஸூன் வாத்தியப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கித் திரிகிறான். கடைசி ஆட்டத்தில் அது நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறது. மரம் தெரிந்தவருக்கு இதில் ஒரு நியாயம் படும். இடி மரத்தை நாரோடுதான் பிளக்கும். அந்த மரத்தில் பிறந்த பேட்டும் அதே வாக்கில் போகிறது. குறுக்கே முறிந்திருந்தால் ஒரு விபத்து, அவ்வளவுதான். நீளவாக்கில் பிளப்பது, அந்த மரத்துக்குள் முதல் நாளிலிருந்தே இருந்த ஒன்று வெளியே வருவது. ரேகை தெரியாமல் படித்தால் இந்த முடிவு நாடகம் போலத் தோன்றும்.

பேட்டின் மேல் கை வைத்துக் காலம் ஏற்றுகிற பழக்கங்களும் நிஜத்தில் உண்டு. ஆஷ் பேட்டை எலும்பால் தேய்த்து ரேகையை இறுக்குவார்கள். நாம் கிரிக்கெட் பேட்டுக்கு ஆளிவிதை எண்ணெய் விட்டு மரச்சுத்தியால் தட்டுவதற்குத் தாயாதி. ஷூலெஸ் ஜோ ஜாக்சன் என்ற ஆட்டக்காரரின் 'பிளாக் பெட்ஸி' பேட் புகையிலைச் சாறு ஏறிக் கறுத்தது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக எழுந்த 1919 சூதாட்ட விவகாரத்தில் 1921-ல் அவருக்கு வாழ்நாள் தடை விழுந்தது. அந்த பேட் 2001-ல் 577,610 டாலருக்கு ஏலம் போனது. ஆளைத் துரத்திவிட்டு அவர் கறையை விலைக்கு வாங்கிய கதை.

நல்ல மர பேட் வேண்டுமென்றே நிற்கிறவர்கள் வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் நேர் ரேகையுள்ள, முடிச்சில்லாத கட்டை வாங்கிக் கடைசல் பட்டறையில் கொடுக்கலாம். கட்டை 36 அங்குல நீளம், 3 அங்குலச் சதுரம் இருக்க வேண்டும். கடைந்தபின் நீளம் 33, தடித்த இடம் 2½, கைப்பிடி 1 அங்குலம். இந்த அளவுகளை அட்டையில் வெட்டிக் கொடுத்தால் கடைசல்காரர் சரியாகச் செய்வார், வாயால் சொன்னால் உலக்கைதான் வரும். தேக்கு பார்க்க அழகு, அதிர்ச்சி தாங்காது. ஹாக்கி ஸ்டிக்குக்குப் போகும் முசுக்கொட்டை மரம் கிடைத்தால் மேல். எதுவானாலும் கையில் பிடித்துப் பார்க்கவும் டென்னிஸ் பந்தில் தட்டவும் மட்டும். தோல் பந்தில் ஓங்கி அடிக்க வேண்டாம்.

தொப்பி, ஜெர்சி, ஆட்டக்காரர் படம் போட்ட சீட்டுகள் பற்றிக் கேட்பவர்களுக்கு: இங்கே கிடைப்பது துணிக்கடை அலங்காரம். எம்.சி. ரோட்டில் நியூயார்க் எழுத்துப் போட்ட தொப்பி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். நாவலுக்குச் சம்பந்தமில்லை.

கடைசியாக, வைத்துக்கொள்வது. கடல் ஓரமாக, ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தோல் சாமானில் பூஞ்சணம் பிடிப்பது ஐப்பசி, கார்த்திகையில் நிச்சயம். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், துணிப்பையில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். வெள்ளையாகப் பூத்தால் உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, ஒரு நாள் ஃபேனடியில் விட்டு, பிறகு பொட்டளவு ஜெல்லி. கிளவுஸின் வார்தான் முதலில் அறும், பெரும்பாலும் வலைப் பின்னலில். பெரியமேட்டுத் தோல் கடைகளில் 5 மில்லிமீட்டர் அகலம், 6 அடி நீளத்தில் வெட்டித் தருவார்கள். இரண்டு வார் வாங்கி வையுங்கள். செருப்புத் தைக்கிறவர் கோர்த்துக் கொடுப்பார். ஆனால் பழைய வாரை உருவுவதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்குப் போகிறது என்பது உருவிய பிறகு யாருக்கும் தெரியாது.